ஒத்தை ஆக்சில்

வாங்க, வாங்க. வழி கண்டுபிடிக்கச் சிரமமா இருந்துச்சுங்களா? வாய்க்கால் பாலம் தாண்டினதும் இடது பக்கம் திரும்பச் சொன்னா எல்லாரும் நேரா மலையடிவாரம் போயி நின்னுக்கிட்டு போன் பண்றாங்க. நீங்களாச்சும் சரியா வந்துட்டீங்க. வண்டி அந்தத் தகரக் கொட்டாய்க்குள்ள நிக்குது. செருப்போடயே வாங்க, தரையெல்லாம் ஆயில்.

மேல பார்க்காதீங்க. வர்றவங்க எல்லாம் பெயிண்டைத் தடவிப் பார்க்கறாங்க, டயரை எட்டி உதைச்சுப் பார்க்கறாங்க. நீங்க குனிங்க. இப்படிக் குனிஞ்சு முன்சக்கரம் ரெண்டுக்கும் நடுவுல பாருங்க. தெரியுதுங்களா? இந்தச் சக்கரத்துல இருந்து அந்தச் சக்கரம் முட்டும் ஒரே இரும்பு. ஒத்தை ஆக்சில். நடுவுல பூசணிக்கா கணக்கா ஓர் உருண்டை, அதுக்குள்ளதான் பல்லெல்லாம். ராணுவத்துல ஓடிக் கழிச்ச வண்டியோடது. கோயமுத்தூர் பழைய இரும்புக் கடையில தவம் கிடந்து எடுத்துட்டு வந்தேன்.

கம்பெனியில இருந்து வர்றப்ப இந்த பிக்கப்புக்கு முன்சக்கரம் ரெண்டும் தனித்தனிங்க. ஒண்ணு பள்ளத்துல எறங்குனா இன்னொண்ணுக்குத் தெரியாது. ரோட்டுல போக மெத்துனு இருக்கும், இல்லைங்கல. ஆனா பாறை மேல ஏத்திப் பாருங்க. ஒரு சக்கரம் அந்தரத்துல தொங்கிக்கிட்டு சும்மா சுத்தும், வண்டி நவுறாது. ஒத்தை ஆக்சில் அப்படியில்ல. பாறை இந்தப் பக்கத்தைத் தூக்குச்சுன்னா, அந்தத் தூக்கே அந்தப் பக்கத்துச் சக்கரத்தைத் தரையில வெச்சு அமுக்கும். ரெண்டும் மண்ணை விடாது. இதைப் புரிஞ்சுக்கிட்டவங்க இந்த ஜில்லாவுல எத்தனை பேர் இருப்பாங்கன்னு நினைக்கறீங்க?

எதுக்கு விக்கறீங்கன்னு போன்ல கேட்டீங்க. நேர்ல வாங்க, சொல்றேன்னேன். எதையும் மறைச்சு விக்கற ஆளு நான் இல்லீங்க. அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருங்க. கேட்டுப்போட்டு நீங்களே சொல்லுங்க, ஞாயம் யார் பக்கம்னு. இந்த ஊருல ஒருத்தனும் வாயைத் திறந்து சொல்ல மாட்டேங்கறான்.

எங்களுது தென்னந்தோப்புங்க. நானும் என் தம்பி நந்தகோபாலும் பங்கு பிரிக்காம சேர்ந்து பண்ணிட்டிருந்தோம். தோப்பை நான் பார்த்துக்குவேன். காய் வெட்டி, ஏத்தி, கோயமுத்தூர் கொண்டுபோயி இளநீர் கடைகளுக்குப் போடறது அவன் வேலை. மழை பேஞ்சா தோப்புக்குள்ள சாதா வண்டி புதைஞ்சுரும். அதனாலதான் நாலு சக்கரமும் இழுக்கற பிக்கப்பா பார்த்து ரெண்டு பேரும் சேர்ந்து வாங்கினோம். சேர்ந்துதானுங்க வாங்கினோம். இதை ஞாபகம் வெச்சுக்குங்க, ஏன்னா அப்பறம் என்னமோ அவன் வண்டிய நான் திருடிட்ட மாதிரி பேசினாங்க.

என் சம்சாரம் கோகிலா. நல்லவதான், நான் குறை சொல்லல. அவளுக்குத் தாய்மாமன் மகன் ஒருத்தன் இருக்கறான், சபரிநாதன்னு பேரு. செங்கல் சூளை வெச்சிருக்கறான். அவனுக்கு ஜீப்புல காடு மேடு ஏர்றதுதான் பொழுதுபோக்கு. அதுக்குன்னு ஒரு கிளப்பு, அதுக்கு அவன் தலைவரு. முறைப் பையன் பாருங்க. 'அவன் என்னைவிடச் சின்னவனுங்க, மூக்கொழுகிட்டு என் பின்னாடி திரிஞ்சவன்'னு கோகிலா சிரிப்பா. சின்னவன்னா என்னங்க? முறை முறைதானே? அவன் பேரு வந்தாலே இவ மூஞ்சியில ஒரு சிரிப்பு. நான் பார்க்காமயா இருப்பேன்?

ஒரு தடவ அவங்க கிளப்புல போட்டி வெச்சாங்க. ஆனைமலைப் பக்கம் கைவிட்ட கல்குவாரி ஒண்ணு, அதுக்குள்ள. 'ணா, நீங்களும் உங்க பிக்கப்பைக் கொண்டாங்க, சும்மா ஜாலியா இருக்கும்'னு கூப்புட்டான். கோகிலாவும் தம்பி நந்தன் சம்சாரம் பிரேமாவும் வேடிக்கை பார்க்க வந்திருந்தாங்க. நானும் ஓட்டத் தெரியாதவன் இல்லீங்களே. எறக்கினேன். மொதல் ரெண்டு மேடு நல்லாத்தான் ஏறுனேன். மூணாவது பாறையில முன்சக்கரம் ஒண்ணு தொங்கிருச்சு. சுத்துது, சுத்துது, நவுறல. சேத்துல பின்னாடி புதையுது. மைக்குல ஒருத்தன் பேசிட்டிருந்தான். 'இளநீர் வண்டி மாட்டிக்கிச்சுங்க, யாராச்சும் ஸ்ட்ரா கொண்டாங்க'ன்னான். மொத்தக் குவாரியும் சிரிச்சுது.

அப்பறம் யாரு வந்து இழுத்துவிட்டதுன்னு நினைக்கறீங்க? சபரியேதான். அவன் ஜீப்புல இருந்து இரும்புக் கயித்தை இழுத்துட்டு வந்து என் வண்டியில மாட்டி, சொடக்குப் போடற நேரத்துல வெளிய எடுத்துவிட்டான். 'நீங்க ஓட்டுனதுல தப்பில்லீங்ணா, வண்டி முன்னாடி அமைப்பு அப்படி'ன்னு தோளைத் தட்டினான். தோளைத் தட்டினான், பாருங்க. கோகிலா கை தட்டினா. 'நல்லவேளை, சபரி இருந்தான்'னு பிரேமாகிட்டச் சொல்றா. என் காதுல விழுந்துச்சு.

வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் நான் பேசல. அவ கேட்டா, 'ஏனுங்க, ஒடம்பு சரியில்லீங்களா?'ன்னு.

அதுக்கப்பறம் தோப்புல எந்த வேலை செஞ்சாலும் மனசுல அந்தச் சக்கரந்தான் தொங்கிக்கிட்டு சுத்துது. பொள்ளாச்சியில பக்ருதீன் பாய்னு ஒருத்தர் பட்டறை வெச்சிருந்தாரு. அவருக்கும் இந்தப் பைத்தியம் உண்டு. அவருகிட்டப் போயி நின்னேன். 'முன்சக்கரத்தைத் தாங்கற கை, கம்பி எல்லாத்தையும் அறுத்தெறிஞ்சுட்டு ஒத்தை ஆக்சில் போட்டுட்டா, சபரி வண்டி உன் வண்டிக்கு முன்னாடி நிக்காது மூர்த்தி'ன்னாரு. அவரு சொல்லி முடிக்கறதுக்குள்ள நான் முடிவு பண்ணிட்டேன்.

சித்திரை மாசமுங்க. நந்தன், பொண்டாட்டி பிள்ளையோட மாமனார் ஊருக்கு மாரியம்மன் நோம்பிக்குப் போயிருந்தான். சொல்லிட்டு செய்யலாம்னுதான் இருந்தேன். ஆனா நோம்பிக்குப் போனவனை எதுக்குத் தொந்தரவு பண்றதுன்னு விட்டுட்டேன். அவன் திரும்பி வர்றப்ப வண்டி இந்தக் கொட்டாயில கட்டைமேல நிக்குது, முன்பக்கம் மொத்தமும் கழட்டியாச்சு. அறுத்த இரும்பெல்லாம் ஒரு மூலையில குமிச்சுக் கிடக்குது.

வந்தவன் வண்டிய ஒரு சுத்து சுத்திப் பார்த்தான். அப்பறம்,

"ணா, என்னுங்ணா இது?"

"ஆக்சில் மாத்தறோம்டா. பாய் வந்திருக்கறாரு பாரு."

"நாளைக்கு லோடு இருக்குதுங்ணா."

"ஒரு நாலஞ்சு நாளைக்கு வாடகை வண்டியில போட்டுக்க."

"சித்திரையிலயா? இப்ப எவன் வாடகைக்கு வண்டி குடுப்பான்? வருசத்துல இந்த ரெண்டு மாசம் விக்கறதுதானுங்ணா நமக்கு."

"இப்ப மாத்திட்டா தோப்புக்குள்ள மழையில கூடப் புதையாது. உனக்குத்தாண்டா செய்யறேன்."

உனக்குத்தான்னு சொன்னேன். பொய் இல்லீங்க. தோப்புக்கும் அது நல்லதுதானே? அவன் அந்த இரும்புக் குமியில இருந்து ஒரு துண்டை எடுத்துப் பார்த்தான். அறுத்த வாய் பளபளன்னு இருந்துச்சு. 'மறுபடியும் ஒட்டவைக்க முடியாதுங்களா பாய்?'ன்னு கேட்டான், சின்னப் பிள்ளை கேட்கற மாதிரி. பாய் என்னைப் பார்த்தாரு. நான் சிரிச்சேன். அவ்வளவுதான். சண்டையில்ல, சத்தமில்ல. என் தம்பி எங்கிட்ட எதிர்த்துப் பேசற ஆளே இல்லீங்க, அப்ப.

நாலஞ்சு நாள்னு சொன்னது இழுத்துக்கிச்சு, அது உண்மை. இந்த வேலை யாருக்கும் சொல்லிவெச்ச நாள்ல முடியாது. சட்டத்துக்கு அடியில புதுசா இரும்பு வெச்சுப் பத்தவைக்கணும், ஸ்பிரிங் பட்டை மாட்டணும், ஸ்டீயரிங்ல இருந்து வர்ற தண்டை வேற மாதிரி வளைச்சுக் கொண்டாரணும். ஒண்ணை மாத்துனா இன்னொண்ணு இடிக்கும். ஆனா எனக்கு அப்படியொரு சந்தோசமுங்க. காலையில எந்திரிச்சதும் இங்க வந்துருவேன். கோகிலா சோத்தை இங்கயே கொண்டாந்து வெச்சுட்டுப் போவா. ஆறிப்போயி ஈ மொய்க்கும்.

நந்தன் ஆட்டோவுல, மாட்டு வண்டியில, கிடைச்சதுல எல்லாம் காயை ஏத்திட்டு மெயின்ரோட்டுக்குப் போயி, அங்க எவன் கால்லயாவது விழுந்து லாரியில போட்டுவிடுவான். கடைக்காரங்க எத்தனை நாளைக்குப் பொறுத்துக்குவாங்க? ஒவ்வொருத்தரா வேற ஆளுகிட்ட வாங்க ஆரம்பிச்சுட்டாங்க. எங்கிட்ட வந்து சொல்வான். 'போட்டி முடியட்டும்டா, எல்லாரையும் திருப்பிக் கொண்டாந்துறலாம்'னு நானும் சொல்லிட்டிருந்தேன்.

ஆமாங்க, போட்டி. அதுக்குள்ள கிளப்புல அடுத்த போட்டி அறிவிச்சுட்டாங்க. அதே குவாரி.

இங்க ஒரு சங்கதி சொல்லணும், நீங்க வாங்கப்போற ஆளு, மறைக்கக்கூடாது. சைக்கிள் முன்சக்கரத்தைப் பிடிச்சிருக்கற கவட்டையைப் பாருங்க, நேர் செங்குத்தா இருக்காது. தலைப்பக்கம் கொஞ்சம் பின்னாடி சாஞ்சிருக்கும். அந்தச் சாய்வுனாலதான் கையை விட்டுட்டு ஓட்டுனாலும் சக்கரம் தானா நேராகுது. வண்டிக்கும் அப்படித்தான். ஆக்சிலோட ரெண்டு முனையும் பின்னாடி சாஞ்சு நிக்கணும். நாங்க வண்டிய நல்லா உசரம் தூக்கிட்டமா, கியர்பாக்ஸ்ல இருந்து ஆக்சிலுக்கு வர்ற தண்டு ஏடாகூடமா வளைஞ்சு நின்னுச்சு. அதை நேராக்கணும்னா ஆக்சிலை மேல் பார்த்துத் திருப்பணும். திருப்புனா முனையில இருக்கற சாய்வு போயிருது. ரெண்டுல ஒண்ணுதான் கிடைக்கும். ரெண்டும் வேணும்னா முனையை ரெண்டு பக்கமும் அறுத்து, சாய்வு பார்த்து, மறுபடியும் பத்தவைக்கணும்.

"அதைப் பண்ணிறலாம் மூர்த்தி. ஆனா போட்டிக்கு வண்டி ரெடியாகாது"ன்னாரு பாய்.

"பண்ணலைன்னா?"

"பாறை ஏர்றதுக்கு ஒண்ணும் ஆகாது. ரோட்டுல வேகமாப் போனா ஸ்டீயரிங் உதறும்."

"போட்டியில என்ன வேகம்? நடக்கற வேகந்தானே. முடிஞ்சு பார்த்துக்கலாம்."

சொல்லுங்க, இதுல என்ன தப்பு? மனுசன் எந்த வேலையிலயும் எது மொதல்ல, எது அப்பறம்னு ஒரு முடிவு எடுத்துத்தானே ஆகணும்?

போட்டி அன்னைக்கு நீங்க பார்த்திருக்கணும். ரெண்டாவது தடவ அதே மைக்குக்காரன். 'இளநீர் வண்டி மறுபடியும் வருதுங்கோ'ன்னு ஆரம்பிச்சான். மூணாவது பாறை. அதே பாறை. வலது சக்கரம் மேல ஏறுச்சு, ஏறுச்சு, வண்டி அப்படியே சாய்ஞ்சு வானம் தெரியுது. இடது சக்கரம் கீழ மண்ணைக் கவ்வி நின்னுச்சுங்க. கவ்வி நின்னுச்சு. பூனை கூரையேர்ற மாதிரி ஏறிட்டேன். அதுக்கு மேல இருந்த ரெண்டு மேட்டையும் ஏறி உச்சியில நிறுத்தி எறங்கினேன். மைக்குல சத்தமே இல்ல. அப்பறம் கை தட்டினாங்க பாருங்க, குவாரி எதிரொலிச்சுது. சபரி ஜீப்பு அன்னைக்கு அஞ்சாவது மேட்டுல நின்னுபோச்சு. அவனே ஓடி வந்து கையைப் பிடிச்சுக் குலுக்கினான். 'ணா, பிச்சுட்டீங்ணா'ன்னான். அவன் மூஞ்சியில வருத்தமே இல்ல. அதுதான் எனக்கு இன்னும் புரியாத விசயம். தோத்தவன் மாதிரியே நிக்கலீங்க அவன்.

நான் கூட்டத்துல கோகிலாவைத் தேடினேன். வரலை. நித்திலாவுக்குக் காய்ச்சல்னு பிரேமாவுக்குத் துணையா ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாளாம். நித்திலா நந்தனோட பொண்ணு. காய்ச்சல் எல்லாப் பிள்ளைக்கும் வர்றதுதானே, பெத்தவ பக்கத்துல இருக்கறால்ல? அந்த ஒரு நாள் வந்திருக்கலாம். கப்பைக் கொண்டாந்து டிவி மேல வெச்சேன். 'நல்லா இருக்குதுங்க'ன்னா. சபரி தோத்துட்டான்னு சொன்னேன். 'அப்படியா'ன்னு போட்டுட்டு உள்ள போயிட்டா.

அன்னைக்குப் போட்டி முடிஞ்சு திரும்பி வர்றப்ப ரோட்டுல ஒரு இடத்துல ஸ்டீயரிங் உதறுச்சு. உதறல்னா சாதாரணமா இல்லீங்க, வண்டியே பேய் பிடிச்ச மாதிரி ஆடுச்சு. பிரேக் போட்டு மெதுவாக்கினதும் நின்னுருச்சு. பாய் சொன்னது இதுதான்னு தெரிஞ்சுக்கிட்டேன். ஒரு வாரத்துல பட்டறைக்கு விட்டு முனையை அறுத்துச் சாய்வு வெச்சறலாம்னு இருந்தேன். அதுக்குள்ள என்னைப் பாராட்டறேன்னு ஆளு மாத்தி ஆளு. ஜெயிச்ச வீடியோ எல்லார் போன்லயும் சுத்துது. ஈரோட்டுல இருந்தெல்லாம் கூப்பிட்டுக் கேட்கறாங்க, எந்த ஆக்சில், எந்தப் பட்டைன்னு.

அப்படி ஒருத்தர்கிட்ட நான் போன்ல பேசிட்டிருந்தப்பத்தான் நந்தன் வந்து நின்னான். கடைக்காரர் ஒருத்தர் மிச்சம் இருந்தாரு, அவரு கடைசித் தடவயா ஒரு லோடு கேட்டிருக்கறாராம். சாவியை எடுத்துக் காட்டி, எடுத்துட்டுப் போகட்டுமான்னு சைகையில கேட்டான். நான் தலையாட்டினேன். அம்பதுக்கு மேல போகாதேன்னு சொன்னேன். சொல்லியிருப்பேன். போன் பேசிட்டிருந்தேன்தான், ஆனாலும் சொல்லியிருப்பேன். சொல்லாம இருப்பனா? என் வண்டியோட குணம் எனக்குத் தெரியாதுங்களா?

கிணத்துக்கடவு தாண்டி ஒரு பாலத்துல ஏர்ற இடம். ரோடு ஒட்டுப்போட்டு மேடு கட்டியிருக்கும். அந்த மேட்டுல சக்கரம் பட்டு உதற ஆரம்பிச்சிருக்குது. பின்னாடி முழு லோடு. அவன் பயந்துபோயி ஸ்டீயரிங்கை வெட்டியிருப்பான். வெட்டக்கூடாது. அந்த நேரத்துல இறுக்கமாப் பிடிச்சுக்கிட்டு மெதுவா பிரேக் போடணும், நான் போட்டேன்ல? ஓட்டத் தெரிஞ்சவனுக்கே சில சமயம் தோணாது. வண்டி பொரண்டு ரெண்டு சுத்து சுத்தியிருக்குது. ரோடு பூராவும் இளநீர். அவன் வலது பக்கம் மொத்தமும் அடியில.

அந்த வழியா வந்தது யாரு? சூளைக்குப் போயிட்டிருந்த சபரி. எப்பப் பாரு, அவன்தான் வருவான். அவன் ஜீப்புல இருந்த அதே இரும்புக் கயித்தைப் போட்டு வண்டிய நிமித்தி, கதவைப் பிச்சு, நந்தனைத் தூக்கிப் போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கறான். இன்னும் சித்த நேரம் ஆகியிருந்தா ஆளே இல்லைன்னாங்க.

நான் போறப்ப உள்ள ஆபரேசன் நடந்துட்டிருந்துச்சு. பிரேமா தரையில உட்கார்ந்திருந்தா. கோகிலா அவளைப் பிடிச்சிருந்தா. சபரி சட்டையெல்லாம் ரத்தம். நான் சபரியைக் கேட்டேன்:

"வண்டி எங்க நிக்குது? ஆக்சில் வளைஞ்சுருச்சா?"

கோகிலா திரும்பிப் பார்த்தா. அந்தப் பார்வையை நான் என்னன்னு சொல்றது! நீங்களே யோசிங்க. உள்ள டாக்டர் பார்த்துட்டிருக்கறாரு. கையைப் பத்தி, எலும்பைப் பத்தி நான் கேட்டு என்ன ஆகப்போகுது? எனக்குத் தெரிஞ்சது வண்டி. தெரிஞ்சதைத்தானே மனுசன் கேட்பான்? வாயில அதுதான் வந்துச்சு. அந்த ஒரு வார்த்தையை இன்னைக்கு முட்டும் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு இருக்கறாங்க.

உயிர் பொழைச்சுட்டான். கால்ல கம்பி வெச்சிருக்குது, தடி ஊணித்தான் நடக்கறான். வலது கை விரல் மடங்காது. முன்பக்கம் மாத்தின வண்டின்னு இன்சூரன்ஸ்ல கையை விரிச்சுட்டாங்க. அதுக்கும் நான்தான்னு சொன்னாங்க. சட்டம் போட்டவனைப் போயிக் கேளுங்கன்னேன்.

நான் சும்மா இருக்கலீங்க. வண்டிய இங்க இழுத்துட்டு வந்து, மறுபடியும் ஒவ்வொண்ணாக் கழட்டி, சட்டத்தை நிமித்தி, இந்தத் தடவ ஆக்சில் முனையை ரெண்டு பக்கமும் அறுத்துச் சாய்வு சரியா வெச்சுப் பத்தவெச்சாச்சு. ஸ்டீயரிங் உதறாம இருக்க தனியா ஒரு தாங்கி போட்டிருக்கறேன், அதோ, அந்த மஞ்சக் கலர் உருளை. மாசக்கணக்கா ராத்திரி பகல் பாக்காம உழைச்சேன். யாருக்காக? நந்தன் தேறி வந்தான்னா, பாருடா, இப்ப சரி பண்ணிட்டேன்னு காட்டறதுக்காக. அவனை ஆஸ்பத்திரியில போய்ப் பார்க்கலையாமா. கேட்கறாங்க. ரெண்டு மூணு தடவ போனேன். அவன் செவுத்தைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்குவான். அங்க உட்கார்ந்து நான் என்ன செய்ய? இங்க வேலை செஞ்சாலாவது பிரயோசனம்.

கோகிலா இப்ப அங்கதான் இருக்கறா, நந்தன் வீட்டுல. அதோ தோப்புக்கு அந்தப் பக்கம் ஓட்டு வீடு தெரியுது பாருங்க, அதான். அவளும் பிரேமாவும் சேர்ந்து மெயின்ரோட்டுல இளநீர் கடை போட்டிருக்காங்க. அவ அரிவாள் பிடிச்சுச் சீவறதை நீங்க வர்ற வழியிலயே பார்த்திருப்பீங்க. கூட்டிட்டு வரலாம்னு ஒரு நாள் போனேன். கடையில ஆள் இல்லாத நேரமாப் பார்த்து,

"எத்தனை நாளைக்கு இப்படி? ஊரு சிரிக்குது, வா வீட்டுக்கு"ன்னேன்.

காயைச் சீவிக்கிட்டே சொன்னா: "ஏனுங்க, சபரியைத் தோக்கடிக்கணும்னு ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருந்தா, நானே அவனைத் தோத்துப் போகச் சொல்லியிருப்பனே. அக்கா சொன்னா அவன் கேட்பான்."

அக்காவாம். முறைப் பையனுக்கு அக்காவாம். என்ன ஞாயம் பாருங்க இது! நான் வந்துட்டேன். அவளே வருவா. சமைக்கறதுக்கு எனக்கும் பழகிருச்சு.

சரி, இப்ப எதுக்கு விக்கறேன்னுதானே கேட்டீங்க.

போன வாரம் ஒரு நாள் பொழுது சாயற நேரத்துல இங்க உட்கார்ந்து கிரீஸ் அடிச்சுட்டிருந்தேன். தோப்புக்குள்ள இருந்து நந்தன் வந்தான். தடியை ஊணிக்கிட்டு, நித்திலா கையைப் பிடிச்சுக்கிட்டு. இத்தனை நாள்ல இந்தப் பக்கம் காலெடுத்து வெச்சதே இல்ல. வாடா, வாடான்னு எந்திரிச்சு, இந்த ஸ்டூலைத்தான் துடைச்சுப் போட்டேன். டீ வைக்கறேன், இருன்னேன். சாய்வெல்லாம் சரி பண்ணியாச்சுடா, குனிஞ்சு பாருன்னேன். அவன் உட்காரல. குனியல. நேரா முன்கண்ணாடிகிட்டப் போனான்.

வண்டி வாங்கின புதுசுல கண்ணாடி மேல 'நித்திலா'ன்னு சிவப்பு எழுத்துல அவன் பிள்ளை பேரை ஒட்டியிருந்தான். பொரண்ட வண்டியில கதவு போச்சு, கூரை போச்சு, அந்தக் கண்ணாடி மட்டும் எப்படியோ தப்பிச்சுருச்சு. பையில இருந்து ஒரு பிளேடை எடுத்தான். அந்தப் பேரைச் சுரண்ட ஆரம்பிச்சான். வலது கையில பிடிக்க முடியல. இடது கையில பிடிச்சா வழுக்குது. நான் மண்ணெண்ணெயில துணியை நனைச்சு எடுத்துட்டுப் போனேன். 'இதைத் தொட்டுத் தேய்டா, சுலபமா வந்துரும்'னு நீட்டினேன்.

"வேண்டாங்க"ன்னான்.

கவனிச்சீங்களா? வேண்டாங்ணா இல்ல. வேண்டாங்க. சந்தையில முன்னப்பின்னத் தெரியாத ஆளு காய் வேணுமான்னு கேட்டா சொல்வமே, அந்த 'வேண்டாங்க'. பேச்சு வந்த நாள்ல இருந்து என்னை ணா, ணான்னு கூப்பிட்ட வாயிங்க அது.

நித்திலாவை பம்பர் வழியா பானெட் மேல ஏத்தி நிக்கவெச்சான். அது பிளேடை வாங்கி, நாக்கைத் துருத்திக்கிட்டு, ஒவ்வொரு எழுத்தாச் சுரண்டுச்சு. பாதியில கேட்குது:

"எம் பேரை எதுக்குப்பா எடுக்கறோம்?"

"இது வேற யாரோ வண்டி கண்ணு."

அவ்வளவுதான். எறக்கிவிட்டு, கையைப் பிடிச்சுக்கிட்டு, வந்த வழியே போயிட்டான். நான் மண்ணெண்ணெய்த் துணியோட நின்னுட்டிருந்தேன். பிள்ளை மட்டும் ஒருதடவ திரும்பிப் பார்த்துச்சு. பெரியப்பான்னு கூப்பிடுமான்னு பார்த்தேன். கூப்பிடல. அப்பன் சொல்லிக் குடுத்திருப்பான். வேற என்ன?

அன்னைக்கே போன்ல விளம்பரம் போட்டுட்டேன். யாரோ வண்டின்னுட்டான்ல? யாருக்காவது போகட்டும்.

கண்ணாடியை நல்லாப் பார்த்துக்குங்க. இதோ, இங்க. பிளேடுல கீறி வெச்சிருக்குது பிள்ளை. வெயில்ல நிறுத்துனா பேரு இன்னும் லேசாத் தெரியும். பாலிஷ் போட்டாப் போயிரும்னு சொல்றாங்க, இல்லைன்னா கண்ணாடியை மாத்திக்குங்க. நான் மாத்தல.

இந்தாங்க சாவி. வாய்க்கால் மேட்டுல ஏத்திப் பாருங்க, அப்பத்தான் ஆக்சிலோட அருமை தெரியும். கிளட்ச் கொஞ்சம் கெட்டியா இருக்கும். வெளிய எடுக்கறப்ப இடது பக்கத் தூணைப் பார்த்துக்குங்க.

நானுங்களா? இல்லீங்க, நீங்க மட்டும் போயிட்டு வாங்க. இந்த வண்டியில நான் ஏர்றதில்லீங்க. அட, ஒண்ணுமில்ல, எனக்கு இடுப்பு வலி. நீங்க ஓட்டுங்க, நான் இங்கயே நிக்கறேன்.